சனசமூக நிலையத்தில் எந்தப் படத்தைப் போடுவது? அடி வாங்கியவனும் வந்து இருப்பான்

கோண்டாவில் வயரிங்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு படம் போடுவதாகத் தீர்மானித்திருக்கிறோம். புரொஜெக்டர் இரவல் கிடைத்துவிட்டது. பெடியள் இரண்டு பெயர் சொன்னார்கள்: 'விசாரணை', இல்லாவிட்டால் 'ஜெய் பீம்'. இரண்டும் பொலிஸ் பிடித்து அடிக்கிறதைப் பற்றிய தமிழ்ப் படங்கள். நிர்வாகத்தில் அதிகம் படம் பார்க்கிறவன் நான் என்பதால் முடிவை என்னிடம் விட்டுவிட்டார்கள். ஒரு கிழமையாக யோசிக்கிறேன், முடிவு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

என் சித்தியின் மகன் என்னைவிட மூன்று வயது இளையவன். 2014இல் ஒரு மோட்டார்சைக்கிள் களவு போனதற்கு அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்று இங்கே எழுதப் போவதில்லை. 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அவனை நிறுத்தியது மூன்றாம் நாள். இடையில் நடந்ததை அவன் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. உள்ளங்காலில் குழாயால் அடித்தது எங்களுக்குத் தெரியும், ஒரு மாதம் அவன் செருப்புப் போடவில்லை. வலது காதில் அறைந்தது தெரியும், இன்றைக்கும் அவனோடு நடக்கிறவர்கள் இடது பக்கமாகத்தான் நடப்போம். மோட்டார்சைக்கிள் பிறகு வேறொரு ஆளிடம் அகப்பட்டது.

அவன் பெயரில் ஒரு வாக்குமூலம் இருந்தது. எழுதியது சிங்களத்தில். ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. கீழே இருந்த கையெழுத்து மட்டும் தமிழ்.

2016இல் 'விசாரணை' வந்தபோது அதை எங்கள் வீட்டில் லாப்டொப்பில் போட்டேன். அவனும் வந்து இருந்தான். அவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை, அது என்னுடைய பிழை. அடிக்கிற காட்சிகளில் அவன் அசையவில்லை. ஆந்திரப் பொலிஸ் தெலுங்கில் கேட்கிற கேள்வி விளங்காமல், பிடிபட்ட தமிழ்ப் பெடியள் முழிக்கிற இடத்தில்தான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனான். துலாவுக்குப் பக்கத்தில் இருட்டுக்குள் நின்றான். படம் முடிந்து அரை மணித்தியாலம் கழித்துத்தான் உள்ளே வந்தான். "அவங்கள் என்ன கேக்கிறாங்கள் எண்டு தெரிஞ்சா, அடிக்குப் பதில் சொல்லலாம் அண்ணா" என்றான். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

என் பிரச்சினைக்கு வருகிறேன். இந்தப் படங்களை எடுத்தவர்கள் உண்மையான அக்கறையோடு எடுத்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அடி இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இல்லை. நடுவில் இருப்பதுதான் எங்கள் வீட்டில் வருடக்கணக்காக நடந்தது. அதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது: தவணை.

சித்தி ஒவ்வொரு தவணையையும் நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பா. இருபத்திரண்டு தாள் வைத்திருக்கிறா, எல்லாவற்றுக்கும் ஒரு ரப்பர் பான்ட் போட்டு. இன்றைக்கு அதிகாரி வரவில்லை. இன்றைக்கு அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், புது விலாசத்துக்குக் கடிதம் போக வேண்டும். இன்றைக்கு எங்கள் சட்டத்தரணி கொழும்பில். இன்றைக்கு எல்லாரும் வந்தார்கள், நேரம் போய்விட்டது, அடுத்த தவணை மூன்று மாதம் கழித்து. ஒவ்வொரு தவணைக்கும் அவன் ஒருநாள் கூலியை விட்டான், சித்தி ஆட்டுக்குக் குழை வெட்டுகிற வேலையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனா. களவு வழக்கில் அவன் விடுபட இரண்டு வருடம். அடித்ததற்குப் போட்ட முறைப்பாடு அதற்குப் பிறகும் இழுபட்டது. கடைசியில் அவனே "காணும், விடுங்கோ" என்றான்.

இதை யார் படமாக எடுப்பார்கள்? ஒரு பெண் வாங்கில் இருந்து, பெயர் கூப்பிடுகிறார்களா என்று காதைக் கொடுத்துக்கொண்டு, மத்தியானம் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறா. குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும், போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டால்? படத்தில் நீதியைத் தேடுவது என்றால், 'ஜெய் பீம்' மாதிரி, ஒரு சூர்யா வழக்கறிஞராகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். எங்களுக்கு அப்படி ஒருவர் வரவில்லை.

ஆகவே கேள்வி இரண்டு. அந்த நடுப்பகுதியைக் காட்டிய படம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? இல்லையென்றால், இந்த இரண்டில் எதைப் போடலாம்? டிசம்பர் 10இல் அவனும் வருவான். ஊரில் ஒன்று நடந்தால் கதிரை அடுக்குகிறவனே அவன்தான்.

மானிப்பாய் பிரசன்னா:

அண்ணா, வாசித்துவிட்டு நிறைய நேரம் போனை மேசையில் வைத்துவிட்டு இருந்தேன். உண்மையை எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். நான் 'சிங்கம்' பார்த்து விசில் அடித்து வளர்ந்தவன். 'சாமி'யையும் 'தெறி'யையும் எத்தனை தரம் பார்த்தேன் என்று கணக்கில்லை. எங்கள் பக்கத்தில் வாள்வெட்டுக் கோஷ்டிகள் திரிந்த காலத்தில், இரவு எட்டு மணிக்குப் பிறகு அக்கா ரியூசனால் வரும்போது அப்பா சந்தியில் போய் நிற்பார். அப்போது வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: நாலு பேரைப் பிடித்து நாலு சாத்துச் சாத்தினால் எல்லாம் அடங்கும். நானும் அதைத்தான் சொன்னேன். படத்தில் துரைசிங்கம் அடிக்கும்போது அடி வாங்குகிறவன் உண்மையிலேயே குற்றவாளி என்பது எங்களுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. உங்கள் தம்பி விஷயத்தில் அது ஒருவருக்கும் தெரியாதே. இதை நேற்றுத்தான் யோசித்தேன்.

நீங்கள் சொன்ன இரண்டும் வேண்டாம் என்றால் 'டாணாக்காரன்' எப்படி? 2022இல் வந்தது. பொலிஸ் பயிற்சிக் கல்லூரியில் புதிதாகச் சேர்கிற பெடியளை எப்படி நசுக்குகிறார்கள் என்பதுதான் கதை. எடுத்த தமிழ் என்பவர் முன்பு தானே பொலிஸில் இருந்தவர். 'ஜெய் பீம்' படத்தில் அந்தக் கொடூரமான சப் இன்ஸ்பெக்டராக நடித்தவரும் அவர்தான். அடிக்கிறவன் எங்கேயிருந்து வருகிறான் என்பதையும் சனம் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கோண்டாவில் வயரிங்காரன்:

பிரசன்னா, கோபம் இல்லை. நானும் அதே படங்களுக்கு அதே விசிலைத்தான் அடித்தேன்.

2015 மே மாதம் உனக்கு ஞாபகம் இருக்கும். புங்குடுதீவுப் பள்ளி மாணவியைக் கொன்றவர்களைத் தங்கள் கையில் தரச்சொல்லி யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கே கல் விழுந்தது. நான் அன்றைக்கு ஒரு கடையில் வயர் வாங்கிக்கொண்டு நின்றேன், கடையை மூடிவிட்டார்கள். என்னோடு நின்றவர்கள் எல்லாரும் 'சுட்டுத் தள்ள வேண்டும்' என்றார்கள். அந்தப் பிள்ளையை நினைக்க எனக்கும் நெஞ்சு எரிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து தம்பியைப் பார்த்தபோது அந்தச் சொல் வாயில் வரவில்லை. அவனையும் ஒருநாள் ஊர் 'கள்ளன்' என்றது. இரண்டு வருடத்துக்குப் பிறகு, 2017 செப்டெம்பரில், மூன்று நீதிபதிகள் இருந்து சாட்சி கேட்டு ஏழு பேருக்குத் தண்டனை கொடுத்தார்கள். அதுவும் தவணை தவணையாகத்தான் நடந்தது.

'வேட்டையன்' பார்த்திருப்பாய். 'ஜெய் பீம்' எடுத்த அதே த. செ. ஞானவேல், என்கவுன்டரில் தவறான ஆளைச் சுட்டுவிட்ட ஒரு அதிகாரியைப் பற்றி 2024இல் எடுத்தார். சுடப்பட்ட அந்தப் பெடியன் குற்றமற்றவன் என்று தெரிய வருகிற இடத்தில் தியேட்டரில் ஒரு சத்தமும் இல்லை. சுட்டபோது கைதட்டியவர்கள்தான் எல்லாரும். அந்த அமைதி எனக்குப் பிடித்தது.

'டாணாக்காரன்' நல்ல யோசனை, குறித்துக்கொண்டேன். ஆனால் அடி வாங்கினவனுக்கு முன்னால், அடித்தவன் எப்படி உருவானான் என்று காட்ட எனக்கு இப்போது மனம் வரவில்லை. இன்னொரு நாள் போடலாம்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்:

தம்பி, முப்பது வருடத்துக்குக் கிட்ட நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அந்தக் காலத்தில் எங்களை முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். உங்கள் சகோதரன் எழும்பிப் போன இடத்தை வாசித்ததும் எனக்குக் கை நடுங்கியது. அதனால் எழுதுகிறேன்.

'விசாரணை'யில் எல்லாரும் லொக்கப் காட்சிகளைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். எனக்கு முக்கியமானது குண்டூர் நீதிமன்றக் காட்சி. அந்தப் பெடியன் தமிழில் சொல்லத் தொடங்குகிறான், நீதிபதிக்கு விளங்கவில்லை. வேறு வேலையாக அங்கே வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் ஒருவரை மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். அந்த மனிதர் அன்று அங்கே நின்றிருக்காவிட்டால்? அந்தக் காட்சியில் ஒரு மனிதனின் உயிர் இன்னொருவரின் வாய்க்குள் இருக்கிறது. அந்தப் பாரத்தை நான் தினமும் சுமந்தேன்.

யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற மொழி தமிழ். ஆனால் பொலிஸ் புத்தகத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் சிங்களம். கூண்டில் நிற்கிறவன் தன் வாயால் சொன்னதாக எழுதப்பட்டதை முதன்முதலாகத் தன் மொழியில் கேட்பது என் வாயிலிருந்துதான். சிலர் நான் வாசிக்க வாசிக்கத் தலையை ஆட்டுவார்கள், இல்லை, இல்லை என்று. நான் நிறுத்த முடியாது. நிறுத்துவது என் வேலை இல்லை.

சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. சாட்சியக் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு. அதில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ பதிந்த ஒப்புதலைச் சாட்சியமாக எடுக்கலாம். அடித்து வாங்கியது என்று நிரூபிக்கிற பொறுப்பு அடி வாங்கியவனுடையது. பூட்டிய அறைக்குள் நடந்ததை அவன் எதைக்கொண்டு நிரூபிப்பான்? தட்டச்சு செய்த சிங்களத் தாள், அடியில் கோணலாய் ஒரு தமிழ்க் கையெழுத்து. அப்படிப்பட்ட தாள்களை நான் எத்தனையோ மொழிபெயர்த்தேன். சிலவற்றில் ஒரே வசனங்கள், ஆளின் பெயர் மட்டும் வேறு. அதைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, இடம் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'விசாரணை'யின் முடிவில் அந்தப் பெடியள் தப்புவதில்லை. ஆனால் அந்தக் கதையின் சொந்தக்காரர் தப்பியவர். மு. சந்திரகுமார். 1983இல் குண்டூரில் லொக்கப்பில் கிடந்து வெளியே வந்து, கோயம்புத்தூரில் ஓட்டோ ஓட்டி, 'லாக்கப்' என்று தன் கையால் எழுதினார். 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தன் கதையைத் திரையில் பார்த்தார். படத்தைப் போட்டால் தொடங்க முன்னம் இதை யாராவது எழும்பிச் சொல்ல வேண்டும். உங்கள் சகோதரனுக்கு முடிவாக அந்தக் கடைசிக் காட்சி மட்டும் தெரிந்திருக்கக் கூடாது.

சட்டபீட மாணவி:

அண்ணா, இரண்டாம் வருடம் படிக்கிறேன். என் வாக்கு 'ஜெய் பீம்' படத்துக்கு. ஆனால் நீங்கள் சொன்ன குறை முழுதும் சரி, அதற்கு என்னிடம் ஆதாரமே இருக்கிறது.

பொலிஸ் பிடித்த ஒருவர் லொக்கப்பில் அடிபட்டுச் செத்த அந்த உண்மையான சம்பவம் நடந்தது 1993இல். படத்தில் சூர்யா நடித்த சந்துரு அப்போது வழக்கறிஞர், பிறகுதான் நீதிபதியானார். ஆளைக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கிற ஆட்கொணர்வு மனு போட்டார். அடித்த பொலிஸாருக்குத் தண்டனை உறுதியானது 2006இல். 13 வருடம்! படத்தில் பார்த்தால் ஒரு மழைக்காலம் மாதிரித்தான் தோன்றுகிறது. படத்தில் கணவனைத் தேடி அலைகிற செங்கேணியின் வயிற்றில் இருந்த பிள்ளை உண்மையில் ஏழாம் எட்டாம் வகுப்பு வந்திருக்கும். உங்கள் சித்தியின் இருபத்திரண்டு தாளும் அந்த 13 வருடத்துக்குள்தான் இருக்கின்றன, படம் அதை வெட்டிவிட்டது.

ஆனாலும் ஏன் இந்தப் படம் என்றால், அதில் இரண்டு இடம். ஒன்று, பணம் தருகிறோம், வழக்கை விடு என்று கேட்கும்போது செங்கேணி மறுப்பது. இங்கே எத்தனை வீட்டில் 'சமாதானமாகப் போங்கோ' என்று ஆள் அனுப்புகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மற்றது, அவள் ரோட்டால் நடக்க, ஜீப் பின்னால் வந்து ஏறச் சொல்லிக் கெஞ்சுவது. அவள் ஏறமாட்டாள். என் அம்மம்மா அந்தக் காட்சியைத் திருப்பிப் போடச் சொல்லி மூன்று தரம் பார்த்தா.

இதோடு இன்னொரு விஷயத்தையும் அன்றைக்கு யாராவது பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதினதில் ஒன்றைக் காணவில்லை: தம்பியை டொக்டரிடம் காட்டினபோது அவர் என்ன சொன்னார்? இங்கே வழக்கு நிற்பதும் விழுவதும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில்தான். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம், அதுவும் கொழும்புக்கு. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இது நிறையப் பேருக்குத் தெரியாமல் நாள் போய்விடுகிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் குறைந்தது ஏழு வருடம், கூடினால் பத்து. சட்டம் கடுமையானதுதான். சாட்சிதான் அதுவரைக்கும் வந்து சேர வேண்டும்.

கோண்டாவில் வயரிங்காரன்:

தங்கச்சி, நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவன் டொக்டரிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். பக்கத்தில் அடித்தவர் நின்றார்.

குளப்பிட்டிச் சந்தி:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2016 ஒக்டோபரில் நான் யாழ் பல்கலைக்கழகத்தில். எங்கள் மாணவர் இருவர் இரவு மோட்டார்சைக்கிளில் வரும்போது கொக்குவில் குளப்பிட்டியில் செத்துப்போனார்கள். முதலில் எங்களுக்குச் சொல்லப்பட்டது விபத்து என்று. காலையில் ஹொஸ்டலில் 'வேகமாகப் போயிருப்பாங்கள்' என்று நானே ஒரு நண்பனிடம் சொன்னேன். உடற்கூற்றுப் பரிசோதனையில்தான் துப்பாக்கிச் சூடு என்று வந்தது. ஐந்து பொலிஸார் கைதானார்கள். நான் சொன்ன அந்த வசனத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். படத்தில் பொய் சொல்கிற பொலிஸைக் காட்டுகிறார்கள். அந்தப் பொய்யை உடனே நம்புகிற எங்களைக் காட்டுகிற படம் இருந்தால் அதைப் போடுங்கள்.

வடமராட்சி ரீச்சர்:

தம்பி, நடுப்பகுதியைக் காட்டின படம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஒன்று இருக்கிறது. தமிழ்ப் படம் இல்லை, மலையாளம். 'பிறவி', 1988, ஷாஜி என். கருண் எடுத்தது. அதில் ஒரு அடிகூட இல்லை. லொக்கப்பே இல்லை.

ஒரு கிழத் தகப்பன். நகரத்தில் படிக்கிற மகன் இன்றைக்கு வருவான் என்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வரவில்லை. அடுத்த நாளும் போகிறார். மழை, ஆறு, தோணி, திரும்பவும் வீடு. அவ்வளவுதான் கதை. மகள் நகரத்துக்குப் போய் விசாரித்து உண்மையை அறிந்துகொண்டு வருகிறாள், தகப்பனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிரேம்ஜி என்ற வயதான நடிகர் அந்தத் தகப்பனாக நடித்திருக்கிறார். நடித்தார் என்று சொல்லவே எனக்குக் கூசுகிறது.

அதற்குப் பின்னால் இருப்பது உண்மையான ஒரு வழக்கு. 1976இல், இந்தியாவில் அவசரநிலைக் காலத்தில், கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரியிலிருந்து ராஜன் என்ற மாணவனைப் பொலிஸ் கொண்டுபோனது. தகப்பன் ஈச்சர வாரியர் 1977இல் ஆட்கொணர்வு மனு போட்டார். உள்துறை அமைச்சராக இருந்த கருணாகரன் அப்போதுதான் முதலமைச்சராகியிருந்தார், அந்த வழக்கால் பதவியை விட்டார். ஆனால் பிள்ளையின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மேலே எழுதின, சட்டம் படிக்கிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும்: 'ஜெய் பீம்' படத்தில் சாட்சிகளை விசாரிக்க அனுமதி கேட்டுச் சந்துரு எடுத்துக்காட்டுவது இந்த ராஜன் வழக்கைத்தான். ஒரு தகப்பன் வழக்குப் போட்டது வேறொரு ஊரில், வேறொரு பெண்ணுக்குக் கதவைத் திறந்திருக்கிறது.

என் தம்பியை 1996இல் கொண்டுபோனார்கள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத ஏலாது. வருடா வருடம் கிராம சேவையாளர் வாக்காளர் படிவத்தோடு வரும்போது அம்மா அவன்ரை பெயரையும் போடச் சொல்லுவா. ஒரு முறை புதிதாக வந்த பெடியன் 'இவர் எங்கே அம்மா' என்று கேட்டான். 'வெளியாலை போட்டான்' என்றா. அவன் எழுதிக்கொண்டு போனான். 'பிறவி'யைப் பார்த்தபோது அந்தத் தகப்பன் எங்கள் அம்மாதான் என்று நினைத்தேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் கொட்டிலுக்குள் போய் இருந்த தாய்மாரும் அவர்தான்.

ஆனால் சனசமூக நிலையத்தில் போடுவதற்கு இது மெதுவான படம். சின்னப் பிள்ளைகள் எழும்பிப் போய்விடுவார்கள். வேறு நாளில், வயது வந்தவர்களுக்கு மட்டும் போடுங்கள். உங்கள் சித்தியைக் கட்டாயம் கூப்பிடுங்கள். அவ விளங்கிக்கொள்ளுவா.

இரவு ட்யூட்டி:

நான் தாதி. ஆஸ்பத்திரியில் 'பாத்ரூமில் விழுந்தேன்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாத்ரூமில் விழுந்தால் உள்ளங்கால் இரண்டும் ஒரே மாதிரி வீங்காது. எங்களுக்கு விளங்கும். கூட வந்தவரைத் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ என்று அனுப்பிப் பார்ப்போம், சிலர் போவார்கள், சிலர் போகமாட்டார்கள்.

அண்ணா, இவ்வளவு பேரிடம் கேட்டீர்கள். தம்பியிடம் கேட்டீர்களா? அவருக்கு மனம் தாங்கக்கூடியது எது என்று அவருக்குத்தான் தெரியும். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டையில் பொலிஸ் பிடித்த இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அதற்கு முன்னம் ஆஸ்பத்திரியில் தனக்கு நடந்ததை அவர் சொல்கிற வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. எங்கள் வார்டில் ஒரு நோயாளி அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. பழைய காயம் உள்ளவர்களுக்கு இது சும்மா படம் இல்லை. சத்தத்தையும் கவனியுங்கள். இரும்புக் கதவு அடிக்கிற சத்தம், பூட்ஸ் சத்தம், இவைதான் முதலில் ஏறும்.

கோண்டாவில் வயரிங்காரன்:

எல்லாருக்கும் நன்றி. தாதி அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் அவனிடம் கேட்கவே இல்லை. அவனுக்காக நானே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒரு வீட்டில் மெயின் போர்ட் மாற்றுகிற வேலை, அவனைத்தான் உதவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாமரத்துக்குக் கீழே வைத்து, இந்தப் பதில்களை எல்லாம் அவனுக்கு வாசித்துக் காட்டினேன், இடது பக்கமாக இருந்து. முதலியார் ஐயா எழுதினதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னான். 'ஒரே வசனங்கள், ஆளின் பெயர் மட்டும் வேறு' என்ற இடத்தில், "எனக்கும் அதுதான் எழுதியிருப்பாங்கள்" என்றான். சந்திரகுமார் பிறகு என்ன செய்தார் என்று கேட்டான். எழுதினார் என்றேன். அந்தப் புத்தகத்தைத் தேடித் தரச் சொல்லியிருக்கிறான். அவன் பத்தாம் வகுப்புக்குப் பிறகு புத்தகம் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை.

படத்துக்கு அவன் சொன்னது இது. 'ஜெய் பீம்' போடலாம். ஆனால் முதலில் அந்தச் சிறை வாசல் காட்சி, விடுதலையாகி வருகிறவர்களைச் சாதி கேட்டுப் பிரித்துத் திரும்பப் பிடிக்கிற இடம். அதை எல்லாரும் பார்க்க வேண்டும். பிறகு லொக்கப் பகுதியைத் தாண்டி, செங்கேணி வழக்கறிஞரிடம் வருகிற இடத்திலிருந்து போடு என்றான். "அடியைச் சனத்துக்குக் காட்டத் தேவையில்லை அண்ணா, அது எல்லாருக்கும் தெரியும். அவ எப்பிடி அலைஞ்சா எண்டதைக் காட்டு." படத்தை வெட்டிக் காட்டுவது சரியா என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. எடுத்தவர்களுக்கு அது அநியாயமாகப் படலாம். ஆனால் முழுப் படம் எல்லார் போனிலும் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். எங்கள் மண்டபத்தில் அவன் சொன்னபடிதான்.

தொடங்க முன்னம் அந்த 13 வருடக் கணக்கை நான் சொல்லப் போகிறேன். சட்டம் படிக்கிற தங்கச்சி வர முடிந்தால் ஒரு மாத அவகாசத்தையும் டொக்டர் அறிக்கையையும் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள், ஓட்டோவுக்கு ஒழுங்கு செய்கிறேன். 'பிறவி'யைத் தைப்பொங்கல் கழிந்து போடுகிறோம், ரீச்சர் நீங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

சித்தியிடம் அந்த நாட்காட்டித் தாள்களைக் கேட்டேன், மேசையில் வைக்க. முதலில் தரமாட்டேன் என்றா. பிறகு ரப்பர் பான்டை மாற்றிப் புதிது போட்டுத் தந்தா.

டிசம்பர் 10, மாலை 6.30. மழை வந்தாலும் வராவிட்டாலும் குடை கொண்டு வாருங்கள். தம்பி சொன்னது இன்னும் இரண்டு உண்டு: முன் லைட்டை முழுதாக அணைக்கக் கூடாது, கதவுக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு கதிரை. கதவைச் சாத்துவதில்லை என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டேன்.